சக்கர நாற்காலியில் இருந்தபடி மற்றவர் கைகளுக்கு வேலை கொடுத்த டாக்டர் மேரி வர்கீஸ்

வேலூரில் 1950-களில் நடந்த காட்சி இது.

ஆபரேஷன் அறை. மேஜையில் தொழுநோயால் பாதிக்கப்பட்ட ஒருவர் படுத்திருக்கிறார். அவருடைய விரல்கள் பறவையின் கால் நகம்போல் மடங்கிக் கிடக்கின்றன. அவற்றை நிமிர்த்துவதற்காக ஒரு பெண் டாக்டர் ஆபரேஷன் செய்துகொண்டிருக்கிறார்.

ஆபரேஷனுக்குப் பிறகு நோயாளி தன் காலால் நடந்து போய்விடுவார். ஆபரேஷன் செய்த டாக்டரால் எழுந்து நிற்கக்கூட முடியாது. அவருக்கு இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியேதான் அவர் கத்தி பிடித்தார்.

அந்த டாக்டரின் பெயர் மேரி வர்கீஸ்.

பெங்களூரிலிருந்து சென்னைக்கு ரயிலில் போகிற நம்மவர்கள் எல்லோருக்கும் காட்பாடி ஸ்டேஷன் தெரியும். வண்டி நின்றதும் நோயாளிகளும், அவர்களைக் கைத்தாங்கலாகப் பிடித்து வருகிறவர்களும் கூட்டமாக இறங்குவார்கள். வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும்கூட வருகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள். அவர்களில் கை விழுந்தவர்களும் கால் விழுந்தவர்களும் உண்டு. அப்படிப்பட்டவர்களுக்கு மருந்து கொடுத்தால் மட்டும் போதாது, மறுபடியும் வேலை செய்யக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று ஒரு துறையையே வளர்த்தவர் டாக்டர் மேரி.

கையை நம்பிப் பிழைக்கிற நாம் அவருடைய வாழ்க்கையைத் தெரிந்துகொள்வது அவசியம்.

கடலோரக் கிராமம்

கேரளத்தில் கொச்சிக்குப் பக்கத்தில் செராய் என்று ஒரு கடலோர ஊர் இருக்கிறது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் காயல். அந்த ஊரில் வசதியான கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றில் 1925-ம் ஆண்டு மே 26-ந் தேதி மேரி பிறந்தார். அப்போது அது கொச்சி மன்னரின் ஆட்சிக்கு உட்பட்ட பகுதி.

உள்ளூரில் பள்ளிப்படிப்பை முடித்தார். பிறகு எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் படித்தார். டாக்டர் ஆக வேண்டும் என்பது அவருடைய ஆசை. 1946-ல் வேலூர் மருத்துவக் கல்லூரியில் அவருக்கு இடம் கிடைத்தது.

வேலூர் ஆஸ்பத்திரியைத் தொடங்கியவர் அமெரிக்கப் பெண்மணி டாக்டர் ஐடா ஸ்கடர். 1900-ல் ஒரே ஒரு கட்டிலுடன் அவர் அதை ஆரம்பித்தார். 1918-ல் பெண்களுக்காக மருத்துவப் பள்ளி தொடங்கினார். அது வளர்ந்து கல்லூரி ஆகியிருந்த நேரத்தில்தான் மேரி அங்கே போய்ச் சேர்ந்தார்.

படிப்பை முடித்த மேரிக்குப் பெண்களுக்கான மருத்துவத்திலும் பிரசவ மருத்துவத்திலும் ஈடுபாடு ஏற்பட்டது. அந்தத் துறையில் பயிற்சி டாக்டராக வேலை பார்த்தார். ஆபரேஷன் செய்யும் டாக்டராக வர வேண்டும் என்று கனவு கண்டார்.

வண்டி கவிழ்ந்தது

1954-ம் ஆண்டு ஜனவரி 30-ந் தேதி. வேலூர் ஆஸ்பத்திரியின் இளம் டாக்டர்கள் சிலர் உல்லாசப் பயணமாக ஒரு வண்டியில் புறப்பட்டார்கள். மேரியும் போனார். வழியில் வண்டி விபத்துக்குள்ளாகிக் கவிழ்ந்தது.

மேரிக்கு முகத்தில் பலத்த காயம். முதுகெலும்பிலும் அடி. முகக் காயம் ஆறிற்று. ஆனால் தழும்பு நிலைத்துவிட்டது. கால்களோ அசையவே இல்லை.

முதுகெலும்புக்குள் ஓடுகிற தண்டுவடம் சேதமானால், அதற்குக் கீழே உள்ள உறுப்புகளுக்கு மூளையிலிருந்து போகும் உத்தரவு நின்றுவிடும். அங்கிருந்து மூளைக்கு வரும் செய்தியும் நின்றுவிடும். சூடு தெரியாது. வலி தெரியாது. சிறுநீர் கட்டுப்பாட்டில் இருக்காது.

இரண்டாம் உலகப் போருக்கு முன்பு வரை இப்படி அடிபட்டவர்களில் பெரும்பாலோர் நீண்ட நாள் பிழைத்ததில்லை. படுக்கைப் புண்ணும் சிறுநீர்ப் பையில் வரும் கிருமித் தாக்குதலும் அவர்களைக் கொண்டுபோய்விடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைப்பது, படுக்கையோடு விட்டுவிடாமல் உட்கார வைத்து ஏதாவது செய்ய வைப்பது என்ற முறைகள் அந்தப் போர்க் காலத்தில்தான் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பரவின. இந்தியாவில் 1954-ல் அதற்கென்று தனி நிலையம் எதுவும் இல்லை.

மேரி ஒரு டாக்டர். தன் கால்கள் இனி நடக்கப்போவதில்லை என்று தெரிந்தபோது, அதற்கு என்ன அர்த்தம் என்பதும் அவருக்குத் தெரியும். அப்போது அவருக்கு வயது 28.

ஒரு யோசனை

மாதக்கணக்கில் படுக்கை. முதுகெலும்பில் ஆபரேஷன். கடவுள் நம்பிக்கையும் நண்பர்களின் துணையும் அவரைத் தாங்கின. ஆனால் நாள் முழுவதும் செய்வதற்கு ஒன்றும் இல்லை. நேற்று வரை வார்டு வார்டாக ஓடிய டாக்டருக்கு, அந்தச் சும்மா இருப்பதே பெரிய நோவாக இருந்தது.

அந்த நேரத்தில் அவருக்கு ஒரு யோசனை சொன்னவர் டாக்டர் பால் பிராண்ட்.

இந்தப் பிராண்ட் 1914-ல் நம் கொல்லிமலையில் பிறந்தவர். அவருடைய பெற்றோர் அங்கே ஊழியம் செய்த ஆங்கிலேயர்கள். லண்டனில் அவர் முதலில் படித்தது மருத்துவம் அல்ல. கட்டட வேலை, தச்சு வேலை எல்லாம் சில ஆண்டுகள் பழகினார். அதன் பிறகுதான் டாக்டருக்குப் படித்தார். 1946-ல் வேலூருக்கு வந்து, தொழுநோயால் மடங்கிப்போன கைகளை ஆபரேஷன் செய்து நிமிர்த்தும் முறையை வளர்த்தார்.

கை ஆபரேஷன் செய்ய டாக்டர் நிற்க வேண்டிய அவசியம் இல்லை. நோயாளியின் கையை மேஜைமேல் வைத்து, எதிரே உட்கார்ந்தே செய்யலாம். அதை மேரி செய்யலாமே என்பதுதான் பிராண்டின் யோசனை.

மேரி தயங்கினார். பிறகு சம்மதித்தார். சக்கர நாற்காலியில் ஆபரேஷன் அறைக்குப் போனார். முதலில் உதவியாளராக இருந்து பழகினார். பிறகு தாமே ஆபரேஷன் செய்தார்.

உடம்பின் பாதி செயலற்றுப்போன பிறகு நிமிர்ந்து உட்கார்ந்திருப்பதே ஒரு வித்தை. இடுப்பில் பிடிப்பு இருக்காது. கொஞ்சம் முன்னே சாய்ந்தால் விழுந்துவிடும் நிலை. அந்த நிலையில் நுட்பமான நாண்களை எடுத்துத் தைக்க வேண்டும். மேரி அதைப் பழகிக்கொண்டார். கைக்கு ஒரு வேலை வந்தது. வேலைக்காக உடம்பு தன்னைச் சரிப்படுத்திக்கொண்டது.

நிமிர்ந்த கை வேலைக்கு உதவுமா?

தொழுநோயில் கை எப்படிக் கெடுகிறது என்பதை இங்கே சொல்ல வேண்டும்.

நோய்க்கிருமி நரம்பைத் தாக்குகிறது. முழங்கை அருகே ஓடும் நரம்பு செயலிழந்தால், உள்ளங்கையில் இருக்கும் சிறிய தசைகள் வேலை நிறுத்தம் செய்துவிடும். விரல்கள் மடங்கிவிடும். பாத்திரத்தைப் பிடிக்க முடியாது. சோற்றைப் பிசைய முடியாது. கூடவே தொடு உணர்ச்சியும் போய்விடும்.

விரல்கள் நோயினால் தாமாகவே அழுகி விழுகின்றன என்றுதான் அக்காலத்தில் நினைத்தார்கள். அப்படி இல்லை என்று எடுத்துக்காட்டியவர்களில் பிராண்ட் முக்கியமானவர். ஒரு நாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றை அவரால் திறக்க முடியவில்லை. நோயாளிச் சிறுவன் ஒருவன் வந்து சாவியை ஒரே திருப்பில் திறந்துவிட்டான். அவனுக்கு இவ்வளவு பலமா என்று பிராண்ட் வியந்தார். பிறகு பார்த்தால் பையனின் விரல் எலும்பு தெரியக் கிழிந்திருந்தது. அவனுக்கு வலியே தெரியவில்லை. எவ்வளவு அழுத்துகிறோம் என்பது தெரியாததால் தன் விரலைத் தானே கிழித்துக்கொண்டான். கைகளைத் தின்றது இந்த வலியில்லாமையே.

ஆபரேஷனில் என்ன செய்வார்கள்? முன்கையில் நல்ல நிலையில் இருக்கும் ஒரு தசையைத் தேர்ந்தெடுப்பார்கள். தசையை எலும்போடு இணைக்கும் கயிறு போன்ற நாணை அதன் இடத்திலிருந்து விடுவிப்பார்கள். அதை நான்கு இழையாகப் பிரித்து நான்கு விரல்களிலும் கொண்டுபோய்த் தைப்பார்கள். ஏறக்குறைய மூன்று வாரம் மாவுக்கட்டு.

கட்டைப் பிரித்ததும் கை வேலை செய்துவிடுமா? செய்யாது.

ஒரு ஆபீசில் பல ஆண்டுகளாகத் தபால் பிரித்துக்கொண்டிருந்தவரைத் திடீரென்று கணக்குப் பிரிவுக்கு மாற்றுவதுபோல்தான் இது. ஆள் அதே ஆள்தான். நாற்காலி புதிது, வேலையும் புதிது. இதுவரை ஒரே விரலை மடக்கிவந்த தசை, இனி நான்கு விரல்களையும் அடிமூட்டில் மடக்கி நேராகப் பிடிக்க வேண்டும். அந்த மாறுதல் உத்தரவு மூளைக்குப் போய்ச் சேர வேண்டும். கத்தி கையின் அமைப்பை மட்டும்தான் மாற்றும். பழக்கத்தைக் கொடுப்பது பயிற்சி.

தச்சுப் பட்டறை

அந்தப் பயிற்சியை எப்படிக் கொடுப்பது?

விரலை மடக்கு, நீட்டு என்று நூறு தடவை சொல்லலாம். ஆரம்பத்தில் அது வேண்டும்தான். ஆனால் அதோடு நின்றால் ஆபரேஷன் செய்த கை பழையபடி மடியிலேயே கிடக்கும் என்பதை வேலூரில் கண்டுகொண்டார்கள். நிமிர்ந்த விரலோடு ஊருக்குப் போனவர்களுக்கு வேலை கிடைக்கவில்லை. முன்பு பிச்சைக்கு நீட்டிய கை அதற்கும் பயன்படாமல் போனதாகச் சிலர் நொந்துகொண்டார்கள்.

அதனால் 1950-களின் தொடக்கத்தில் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த இடத்தில் எளிய குடிசைகள் போட்டு, நவ ஜீவ நிலையம் என்ற மறுவாழ்வு மையம் அமைத்தார்கள். அங்கே தச்சுப் பட்டறை இருந்தது. ஆபரேஷன் முடிந்தவர்கள் மர பொம்மைகள் செய்தார்கள். பிராண்ட் இளமையில் கற்ற தச்சு வேலை இங்கே கைகொடுத்தது.

ரம்பம் பிடிக்கும்போது விரல்கள் எப்படி மடங்க வேண்டும் என்று நோயாளி யோசிப்பதில்லை. பலகை நேராக அறுபட வேண்டும் என்றுதான் யோசிக்கிறார். விரல் தானாக மடங்குகிறது. பொம்மைக்குச் சக்கரம் பொருத்தும்போது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தாமாக நெருங்குகின்றன. கவனம் வேலையில் இருக்கிறது. பழக்கம் கையில் சேர்கிறது.

இன்னொன்றும் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. தொடு உணர்ச்சி இல்லாததால், விரல் சொல்ல வேண்டியதைக் கண் சொல்ல வேண்டும். உளியை அளவுக்கு மீறி இறுக்கிப் பிடிக்கக் கூடாது. கருவிகளின் கைப்பிடியைத் தடிப்பாக்கினார்கள், மெத்தென்று செய்தார்கள். வேலை முடிந்ததும் கையைத் திருப்பிப் பார்த்துக் கொப்புளம் இருக்கிறதா என்று சோதிக்கப் பழக்கினார்கள்.

மேரி நிமிர்த்திய கைகளும் இப்படித்தான் வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. அந்த நோயாளிகளுக்கு அவர் ஆபரேஷன் செய்யும் டாக்டர் மட்டும் அல்ல. காலை இழந்தும் கையால் உழைக்கிறவர் ஒருவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார் என்பதே அவர்களுக்குத் தெம்பாக இருந்தது.

கற்றுக்கொடுத்தவரே கற்றுக்கொண்டார்

இவ்வளவு செய்த மேரிக்குத் தம் சொந்தக் காரியங்களுக்கு மற்றவர் உதவி தேவைப்பட்டது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறக்கூட ஆள் தூக்கிவிட வேண்டியிருந்தது.

1950-களின் பிற்பகுதியில் அவர் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குப் போனார். அங்குள்ள மறுவாழ்வு மையத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். டாக்டரான மேரி அங்கே நோயாளியாகவும் மாணவியாகவும் சேர்ந்தார்.

இத்தகைய இடங்களில் கற்றுக்கொடுப்பது பெரிய வித்தை எதுவும் இல்லை. கட்டிலில் தானாகப் புரள்வது. கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கி நாற்காலிக்கு மாறுவது. உட்கார்ந்தபடி உடை உடுத்துவது. குளிப்பது. புண் வராமல் இருக்க அடிக்கடி கை ஊன்றி எழும்பிக்கொள்வது. நாற்காலியைத் தானே தள்ளிப் போவது. நாம் நினைத்துக்கூடப் பார்க்காமல் செய்கிற காரியங்கள்தான். ஆனால் கால் செய்த வேலையைக் கை செய்ய வேண்டும். குழந்தைபோல முதலிலிருந்து பழக வேண்டும்.

மேரி பழகினார். பிறர் தூக்கிவிட்ட உடம்பைத் தாமே தூக்கி வைத்தார். தமக்குக் கிடைத்த இந்தப் பயிற்சி தம்மைப்போன்ற மற்றவர்களுக்கு இந்தியாவில் கிடைக்கவில்லையே என்ற எண்ணம் அவருக்கு வலுத்தது. ஆபரேஷன் செய்ய டாக்டர்கள் கிடைப்பார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு வாழக் கற்றுக்கொடுக்க ஆள் இல்லை. தம் வேலை இனி அதுதான் என்று முடிவு செய்தார்.

அடுத்து உதவித்தொகை பெற்று அமெரிக்கா போனார். நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய மறுவாழ்வு நிலையத்தில் படித்தார். போரில் காயம்பட்ட விமானப்படை வீரர்களைச் சும்மா படுக்கவிடாமல் பயிற்சி கொடுத்து வேலைக்கு அனுப்பியவர் ரஸ்க். உலகம் முழுவதிலிருந்தும் டாக்டர்கள் அவரிடம் வந்து பயின்றார்கள். சக்கர நாற்காலியில் வந்த இந்திய டாக்டரும் அவர்களில் ஒருவர்.

வேலையே வைத்தியம்

வேலை கொடுத்துக் குணமாக்கும் வைத்தியத்துக்கு ஆங்கிலத்தில் ஆக்குபேஷனல் தெரபி என்று பெயர். தமிழில் செயல்முறை மருத்துவம் என்கிறார்கள்.

இதற்கென்று அமெரிக்காவில் 1917-ல் ஒரு சங்கம் தோன்றியது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் ஜார்ஜ் பார்ட்டன் என்ற கட்டடக் கலைஞர். அவர் டாக்டர் அல்ல, நோயாளி. பாதத்தில் ஒரு பகுதியை இழந்து, உடம்பின் இடது பக்கமும் விழுந்தவர். தோட்ட வேலையும் தச்சு வேலையும் செய்தே தம் கையைத் தேற்றிக்கொண்டார். இந்தியாவில் மும்பை கே.இ.எம். ஆஸ்பத்திரியில் 1950-ல் இதற்கு முதல் பயிற்சிப் பள்ளி ஏற்பட்டது. அதைத் தொடங்கியவர் அமெரிக்காவில் பிறந்து இந்தியரை மணந்து இங்கேயே வாழ்ந்த கமலா நிம்ப்கர் அம்மையார்.

வேலைக்கு ஏன் இந்தச் சக்தி? விஞ்ஞானிகள் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். 1920-களில் மாஸ்கோவில் பெர்ன்ஸ்டைன் என்பவர் சுத்தியல் அடிக்கும் தொழிலாளர்களைப் படம்பிடித்துப் பார்த்தார். தேர்ந்த தொழிலாளியின் சுத்தியல் ஒவ்வொரு முறையும் சரியான இடத்திலேயே விழுந்தது. ஆனால் தோளும் முழங்கையும் மணிக்கட்டும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறி மாறி அசைந்தன. அதாவது கை ஒரே அசைவை மனப்பாடம் செய்யவில்லை. ஒரே காரியத்தைப் பல விதமாகச் சாதிக்கக் கற்றிருந்தது.

1990-களில் அமெரிக்காவில் செய்த சோதனைகளில், எதிரே உண்மையான பொருளை வைத்து அதை எடுக்கச் சொன்னபோது, வெறுமனே கையை நீட்டச் சொன்னதைவிட அசைவு சீராக இருந்தது தெரியவந்தது. பக்கவாதம் வந்தவர்களுக்கும் அப்படித்தான்.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் போனவர்களுக்கு இது தெரிந்த விஷயம். முதல் மாதம் அர்த்தமில்லாத எழுத்துகளை வரிசையாக அடிக்க வேண்டும். கை வலிக்கும், மனம் சலிக்கும். ஒரு கடிதத்தை முழுதாக அடிக்கத் தொடங்கிய பிறகுதான் விரல் ஓடும்.

முதல் துறை

அமெரிக்காவிலிருந்து மேரி வேலூருக்குத் திரும்பினார். 1963-ல் வேலூர் மருத்துவக் கல்லூரியில் உடலியல் மருத்துவம் மற்றும் மறுவாழ்வுத் துறையின் தலைவராகப் பொறுப்பேற்றார். நாட்டில் இந்த வகையில் இது முன்னோடித் துறை. 1966-ல் வேலூரை அடுத்த பாகாயத்தில் நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது.

அங்கே வந்தவர்கள் யார்? மரத்திலிருந்து விழுந்தவர்கள். கிணற்றில் விழுந்தவர்கள். சாலை விபத்தில் அடிபட்டவர்கள். இளம்பிள்ளை வாதம் வந்த குழந்தைகள். பெரும்பாலும் கிராமத்து ஏழைகள்.

நியூயார்க்கில் கற்றதை அப்படியே இங்கே செய்ய முடியாது. அங்கே மேஜையில் உணவு, கமோடு வைத்த கழிப்பறை, சமமான தரை. நம் ஊர்க்காரர் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர். அவர் வீட்டு வாசலில் படி இருக்கும். தெருவில் மணல் இருக்கும். அவர் திரும்பிப் போய் எப்படி வாழ வேண்டுமோ அதற்கு ஏற்ற பயிற்சிதான் அவருக்குப் பயன்படும்.

தையல்காரருக்குத் தையல், தச்சருக்குத் தச்சு, குடும்பப் பெண்ணுக்குச் சமையல் என்று அவரவர் வேலையைக் கொண்டே பயிற்சி கொடுப்பதுதான் இந்த வைத்தியத்தின் சாரம். பழைய வேலைக்குப் போகவே முடியாதவருக்கு உட்கார்ந்து செய்யும் வேறு தொழில் கற்றுக்கொடுக்க வேண்டும்.

தண்டுவடம் அறுந்தது அறுந்ததுதான். அதைப் பயிற்சியால் ஒட்ட வைத்துவிடலாம் என்று மேரி யாருக்கும் ஆசை காட்டவில்லை. இருக்கிற தசையைக்கொண்டு எவ்வளவு வாழலாம் என்பதைத்தான் காட்டினார். தம்மையே உதாரணமாகக் காட்டினார். சக்கர நாற்காலியில் வார்டுக்குள் டாக்டர் வருவதைப் பார்க்கும் நோயாளிக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

விருதும் மறைவும்

1972-ல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது கொடுத்துக் கவுரவித்தது. அவருடைய வாழ்க்கை வரலாறு அதற்கு முன்பே, 1963-ல், ஆங்கிலத்தில் புத்தகமாக வெளிவந்திருந்தது. டாரத்தி கிளார்க் வில்சன் என்ற அமெரிக்க எழுத்தாளர் அதை எழுதினார்.

துறைத் தலைவர் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் மாற்றுத்திறனாளிகள் மீதான அக்கறை அவரை விடவில்லை. அவர்களுக்குத் தொழிற்பயிற்சி அளிப்பதற்காக அவர் பெயரில் ஒரு அறக்கட்டளை ஏற்பட்டது.

1986-ம் ஆண்டு டிசம்பரில் டாக்டர் மேரி வர்கீஸ் காலமானார். விபத்துக்குப் பிறகு 32 ஆண்டுகளுக்கும் மேல் அவர் வாழ்ந்தார். அவற்றில் பெரும்பகுதி உழைத்த ஆண்டுகள்.

பாகாயத்தில் உள்ள மறுவாழ்வு நிலையம் இன்று அவருடைய பெயரையே தாங்கி நிற்கிறது.

நமக்கு ஒரு சேதி

இதை எழுதுவதற்கு எனக்கு ஒரு காரணம் உண்டு.

ரயில்வே கவுண்டரில் சலுகை டிக்கெட் கேட்டு வருகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். சர்டிபிகேட்டை நீட்டும் கைகளில் பல, நாற்பது வயதுகூட ஆகாதவர்களின் கைகள். சாரத்திலிருந்து விழுந்தவர்கள், மெஷினில் கை கொடுத்தவர்கள். அந்தக் கையைச் சட்டைப் பைக்குள் மறைத்துக்கொண்டு மற்றக் கையால் சில்லரை எண்ணுவார்கள். இனி அவ்வளவுதான் என்று முடிவு செய்துவிட்டது முகத்தில் தெரியும்.

என்னோடு வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். கட்டுப் பிரித்ததும் கை மரக்கட்டை மாதிரி இருந்தது. ரப்பர் பந்தைக் கொடுத்துத் தினமும் அழுத்தச் சொன்னார்கள். இரண்டு நாள் அழுத்தினார். மூன்றாம் நாள் பந்து குழந்தையிடம் போய்விட்டது. ஒரு மாதம் கழித்து மறுபடி போனபோது, பயிற்சி கொடுத்த பெண் அவர் வீட்டு நிலவரத்தை விசாரித்தார். காலையில் சப்பாத்தி மாவு பிசைவது இனி உங்கள் வேலை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். வீட்டில் எல்லோரும் சாப்பிட்டாக வேண்டும், தட்டிக்கழிக்க முடியாது. அந்தக் கைதான் இப்போது எங்கள் ஆபீசில் லெட்ஜர் எழுதுகிறது.

எல்லாக் காயமும் இப்படி ஆறிவிடாது. மேரியின் கால்கள் கடைசி வரை நடக்கவே இல்லை. ஆனால் எது மிச்சம் இருக்கிறதோ, அது பழகினால் வரும், பழகாவிட்டால் அதுவும் போய்விடும்.

நம்மவர் யாருக்காவது கையோ காலோ அடிபட்டால், கட்டுப் பிரித்ததோடு வைத்தியம் முடிந்துவிட்டது என்று இருந்துவிடக் கூடாது. பயிற்சிப் பிரிவு எங்கே இருக்கிறது என்று டாக்டரிடம் கேட்க வேண்டும். என்ன வேலை பார்க்கிறவர் என்பதைப் பயிற்சி கொடுப்பவரிடம் விவரமாகச் சொல்ல வேண்டும். கொத்தனார் என்றால் கரண்டி பிடிப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும். டிரைவர் என்றால் கியர் போடுவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஈ.எஸ்.ஐ. வசதி உள்ளவர்கள் ஊனத்துக்கான உதவித்தொகையையும் கேட்டுப் பெற வேண்டும். தொழுநோய்க்கு இன்று அரசு ஆஸ்பத்திரிகளில் இலவச மருந்து இருக்கிறது. தோலில் உணர்ச்சியற்ற தேமல் கண்டதும் போய்விட்டால் கை மடங்கும் நிலையைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அடிபட்டவரை உட்கார வைத்துச் சோறு ஊட்டுவது அன்புதான். ஆனால் அவரால் செய்ய முடிந்த ஒரு வேலையை அவருக்கென்று விட்டுவைப்பது அதைவிடப் பெரிய அன்பு. கீரை ஆய்வதாக இருந்தாலும் சரி.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது காட்பாடியில் வண்டி நிற்கும். இறங்குகிற கூட்டத்தில் சக்கர நாற்காலியில் ஒருவர் இருந்தால், பெட்டியை இறக்க ஒரு கை கொடுங்கள். அவர் வேலை கற்றுக்கொள்ளப் போகிறவராக இருக்கலாம்.